சிறுவர் சமய நூல்கள்: கதையா, கதையல்லாததா?

நூல்களை வகைப்படுத்தி அடுக்குவது எளிய வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நூலகவியல் பயிலும் மாணவன் என்ற செருக்கும் சிறிது இருந்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே கேள்வியால் அச்செருக்கைப் போக்கிவிட்டாள். அந்நிகழ்ச்சியையும், அதனால் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நேர்ந்த பிழை

தில்லியில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்காக நம் சங்கம் ஞாயிறுதோறும் நடத்திவரும் தமிழ் வகுப்பை அன்பர்கள் அறிவர். சென்ற ஆண்டு, பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சில குடும்பத்தார், தம் பிள்ளைகள் படித்து முடித்த நூல்களை அவ்வகுப்பிற்கு வழங்கிச் சென்றனர். நான்கு அட்டைப் பெட்டிகள். எண்ணிப் பார்த்ததில் 312 நூல்கள். அவற்றை வகைப்படுத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கதை நூலுக்குச் சிவப்புச் சீட்டு, அறிவு நூலுக்கு நீலச் சீட்டு என்று வகுத்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது. அதன் பின் நண்பர்களோடு தேநீர் அருந்தச் சென்றேன்.

இரண்டு வாரங்கள் கழிந்தன. வகுப்பு முடிந்ததும் அச்சிறுமி என்னிடம் வந்து, இரண்டு படநூல்களை மேசைமீது வைத்தாள். ஒன்று நோவாவின் பேழையைப் பற்றியது. மற்றொன்று மச்சாவதாரத்தைப் பற்றியது. முன்னதில் சிவப்புச் சீட்டு. பின்னதில் நீலச் சீட்டு.

“அண்ணா, ரெண்டுலயும் வெள்ளம் வருது. ரெண்டுலயும் கப்பல் வருது. இது மட்டும் ஏன் கதை, அது மட்டும் ஏன் நிஜம்?” என்று கேட்டாள். சற்று நின்று, “எங்க வீட்ல இதை நிஜம்னுதான் சொல்றாங்க” என்றும் கூறினாள். அவள் குரலில் கோபமில்லை. தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டதாகவே அவள் எண்ணினாள். அதுதான் என்னைச் சுட்டது.

அலமாரியைத் திறந்து பார்த்தேன். விவிலியக் கதைகள், நபிமார் கதைகள், புத்த சாதகக் கதைகள் அனைத்திற்கும் சிவப்பு. இராமாயணம், கண்ணன், பிள்ளையார், முருகன் அனைத்திற்கும் நீலம். ‘கதைகள்’ என்ற சொல் தலைப்பில் இருந்ததால் அவ்வாறு செய்தேன் என்று எனக்குள் சமாதானம் கூறிக்கொள்ள முயன்றேன். ஆனால் ‘இராமாயணக் கதை’ என்றே தலைப்பிட்ட ஒரு நூல் நீலச் சீட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மை யாதெனின், நான் வளர்ந்த வீட்டின் பூசையறையில் இருந்தவை நீலம், இல்லாதவை சிவப்பு. வெறுப்பினால் செய்யவில்லை, எண்ணிப் பாராமல் செய்தேன்.

இதில் வெட்கத்திற்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு. அமெரிக்கராகிய மெல்வில் டியூயி 1876 இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில், சமயத்திற்கு 200 முதல் 299 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 220 முதல் 289 வரையுள்ள எழுபது எண்கள் விவிலியத்திற்கும் கிறித்தவத்திற்கும் உரியவை. உலகின் ஏனைச் சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரே பத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இது ஒருதலைச் சார்பு என்று தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். அதே பிழையைத் திசை மாற்றி, 312 நூல்களில் நானே செய்துவிட்டேன்.

நண்பர்கள் கூறிய மூன்று தீர்ப்புகள்

இதனை நண்பர்களிடம் கூறியபோது அறையில் பெரிய வாதம் எழுந்தது. மூவர் மூன்று தீர்ப்புக் கூறினர்.

பகுத்தறிவுக் கொள்கையில் உறுதியுடைய நண்பர், “எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒட்டிவிடு, பாரபட்சம் போய்விடும்” என்றார். சமநிலை உண்டு என்பது உண்மையே. ஆயினும், அந்நூல்களைத் தேடி வரும் பிள்ளைக்கு அவை எங்கே கிடைக்கும்? முயலும் ஆமையும் பற்றிய நூலுக்கும் முடியரசர் கதைகளுக்கும் நடுவே விவிலியம் ஒளிந்துகொள்ளும். மேலும், ஒரு வீட்டார் போற்றும் நூலைப் பற்றிய வாதத்தை அவ்வீட்டுக் குழந்தையோடு நடத்தச் சீட்டு ஏற்ற கருவியன்று.

பக்தியிற் சிறந்த மற்றொரு நண்பர், “எல்லாவற்றுக்கும் நீலம் ஒட்டு, எல்லாம் உண்மை” என்றார். அப்படியாயின், ஆசிரியர் ஒருவர் தம் கற்பனையால் அண்மையில் எழுதிய நாவலில் கடவுள் ஒரு பாத்திரமாக வந்துவிட்டால் அதுவும் உண்மை நூலாகிவிடும்.

மூன்றாமவர், “வம்பே வேண்டா; சமய நூல்களை எடுத்துவிடுவோம்” என்றார். எடுத்துவிட்டால் அலமாரியில் மூன்றில் ஒரு பங்கு காலியாகும். அதைவிட, அயல்வீட்டுத் தோழன் எதனைப் போற்றுகிறான் என்பதை ஒரு குழந்தை அமைதியாகப் படித்தறியக் கிடைக்கும் வாய்ப்பும் போய்விடும்.

இம்மூன்று தீர்ப்புகளுக்கும் பொதுவான ஒரு தவறு உண்டு. ‘கதையல்லாதது’ என்றால் ‘உண்மை’ என்றும், ‘கதை’ என்றால் ‘பொய்’ என்றும் மூவருமே கொண்டுவிட்டனர். என் பிழைக்கும் வேர் அதுவே.

நூலகம் கூறும் விடை

நூலகப் பகுப்பு உண்மை பொய்யைத் தீர்க்கும் நீதிமன்றமன்று. நூலைக் கண்டெடுக்க உதவும் முகவரியே ஆகும். இதற்குச் சான்றுகள் பல.

டியூயி முறையில் நாட்டுப்புறக் கதைகளின் எண் 398.2. அது சமூக அறிவியலுக்குரிய 300 என்னும் வகுப்பைச் சேர்ந்தது. பேசும் நரியும், பூசணிக்காய் வண்டியும் அங்கேதான் உள்ளன. பல நூலகங்களில் அவை நாவல்களோடு நில்லாமல், எண்ணிட்ட ‘கதையல்லாத’ வரிசையிலேயே நிற்கின்றன. நரி பேசியது உண்மை என்று நூலகர் சான்றிதழ் தருவதாக எவரும் கொள்வதில்லை.

பண்டைக் கிரேக்கரின் தெய்வக் கதைகளுக்கு 292 என்னும் எண். அது சமய வகுப்பு. அத்தெய்வங்களைப் பெருவாரியாக வழிபடுவோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அவை அவ்விடத்திலேயே உள்ளன. அதே தெய்வங்கள் வரும் ஓமரின் காவியமோ கிரேக்க இலக்கியத்துள் 883 இல் உள்ளது. நாத்திகமும் பகுத்தறிவு வாதமும் எங்கே உள்ளன? அவையும் சமய வகுப்பிலேயே, 211 இல் உள்ளன! சமயத்தை மறுக்கும் நூலுக்கும் சமயத்தைப் பற்றிய நூல் என்பதால் அங்கே இடமுண்டு. இதனை நான் கூறியபோது நம் பகுத்தறிவு நண்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

நம் இராமனுக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. வான்மீகியின் இராமாயணம் இந்து சமய மறைநூல்களின் வரிசையில் 294.5922, கம்பன் காவியமோ தமிழ்க் கவிதையாக 894.8111. ஒன்றைச் சமயம் என்றதால் மற்றதற்குத் தெய்வத்தன்மை குறைந்துவிட்டதா? இல்லை. ஒன்றைத் தேடுபவர் எவ்வழியாக வருவார் என்பதே கேள்வி.

இதனை நமக்குத் தெளிவாகக் கற்பித்தவர் நம்மவரே. சீர்காழியில் 1892 இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சீ. இரா. அரங்கநாதன் அவர்கள், 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். 1933 இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். 1947 முதல் சில ஆண்டுகள் இதே தில்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார் என்பது நமக்குப் பெருமை. வாசகனுக்கு அவனுக்குரிய நூல் கிடைக்கவேண்டும், நூலுக்கு அதற்குரிய வாசகன் கிடைக்கவேண்டும், தேடுபவன் காலம் வீணாகக் கூடாது என்பன அவர் விதிகளின் சாரத்துள் சில. ‘இந்நூல் உண்மையா?’ என்ற கேள்வி அவ்வைந்தனுள் ஒன்றிலும் இல்லை.

எனினும், சீட்டு என்பது சிறிய பொருள்தானே என்று தள்ளிவிடவும் இயலாது. 2013 இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், ஒரு பெருங்கடையில் விற்பனைக்கு வைத்த விவிலியப் படிகளில் ‘புனைகதை’ என்று அச்சிட்ட விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் புகைப்படம் பரவிக் கண்டனம் எழவே, நிறுவனத்தார் தவறு நேர்ந்துவிட்டதென்று வருத்தம் தெரிவித்தனர். வளர்ந்தோரையே ஒரு சீட்டு இவ்வளவு வருத்துமாயின், குழந்தையைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

ஐந்து கேள்விகள்

சீட்டுகளை எல்லாம் ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். மறுமுறை ஒட்டுமுன், ஒவ்வொரு நூலையும் ஐந்து கேள்விகள் கேட்டேன். ஏனைய கல்லூரிகளில் இத்தகைய தொண்டு செய்யும் அன்பர்களுக்கும் அவை பயன்படலாம்.

1. மூலம் எது? ஒரு சமூகத்தார் மறையாகப் போற்றும் நூலிலிருந்து நிகழ்ச்சியை எடுத்து, சிறுவருக்கு எளிமையாகச் சொன்ன நூல் சமய நூலாகும். நோவாவின் பேழை விவிலியத்தின் ஆதியாகமத்திலிருந்து வந்தது. நூஹ் நபியின் வரலாறு திருக்குர்ஆனிலிருந்து வந்தது. மனுவும் மீனும் சதபத பிராமணத்திலும் புராணங்களிலும் உள்ளன. மூன்றும் சமயமே, மூன்றிற்கும் ஒரே நிறச் சீட்டே.

2. ஆசிரியர் தாமே படைத்த பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் உண்டா? உண்டெனின் அது கதை நூல். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1950 முதல் வெளியிட்ட நார்னியா வரிசையில் கிறித்தவக் கருத்துகள் நிறைந்துள்ளன. ஆயினும் அது கதையே. தீபாவளியன்று தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடும் சிறுவனைப் பற்றிய நூலும் கதையே. அதில் கோயில் வருவதனால் மட்டும் சமய நூலாகிவிடாது.

3. மரபுக் கதையாயின், அதனை மறையாகப் போற்றுவோர் உளரா? இங்கேதான் நான் மிகவும் தடுமாறினேன். குரங்கின் இதயத்தை விரும்பிய முதலையின் கதையை நாம் அனைவரும் அறிவோம். அது பஞ்சதந்திரத்தின் நான்காம் பகுதியில் உள்ளது. ஏறத்தாழ அதே கதை புத்த சாதகக் கதைகளிலும் உள்ளது. அங்கே அக்குரங்கு போதிசத்துவரின் முற்பிறப்பு. பஞ்சதந்திர நூல் நாட்டுப்புறக் கதை அலமாரிக்குச் சென்றது. சாதக நூல் பௌத்தத்திற்குச் சென்றது. குரங்கு ஒன்றுதான், அதனை வணங்குவோர் வரும் வழி வேறு.

4. மனிதரின் வாழ்க்கை வரலாறா? இதில் எந்த மூலத்தைப் பின்பற்றியது என்று பார்க்கவேண்டும். நந்தனார் நூல் இரண்டு இருந்தன. ஒன்றில் அவரை வருத்தும் கொடிய பண்ணையார் வருகிறார், மற்றதில் வரவில்லை. பிள்ளைகள், “எது சரி?” என்று கேட்பர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அப்பண்ணையார் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையே அவரைப் புகுத்தியது. இரண்டு நூலும் சமயத்திற்குரியவையே. ஆனால் உள்ளட்டையில் எது எதனைப் பின்பற்றியது என்று ஒரு வரி எழுதிவைத்தேன்.

5. பெயரை மாற்றிப் பார்த்தாயா? இதுவே தலையாய கேள்வி. சீட்டு ஒட்டுமுன், அந்நூலில் வரும் தெய்வத்தின் இடத்தில் உன் வீட்டுத் தெய்வத்தை வைத்துப் பார். அப்போதும் அதே சீட்டைத்தான் ஒட்டுவாயா? கை தயங்குமாயின் சீட்டில் பிழை உண்டு.

வரிசை நூல்களைப் பற்றியும் ஒரு சொல். அமர் சித்திரக் கதை 1967 இல் தொடங்கப்பெற்றது. கண்ணனும், பஞ்சதந்திர நரியும், பீர்பாலும், சிவாஜியும், ஜான்சி அரசியும் ஒரே அளவில், ஒரே வகைச் சித்திரத்தில் அவ்வரிசையில் வருகின்றனர். குழந்தையின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. எனவே வரிசை முழுமைக்கும் ஒரே சீட்டு ஒட்டுவது எளிதாயினும் தகாது. ஒவ்வொரு நூலையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

“நடந்ததா?” எனக் கேட்கும் பிள்ளைக்கு

சீட்டு மாறினாலும் பிள்ளையின் கேள்வி மாறாது. “இது நடந்ததா, அண்ணா?” என்றே அவர்கள் கேட்பர். ‘அது முகவரி, தீர்ப்பன்று’ என்று கூறி நூலகர் தப்பித்துக்கொள்ளலாம். ஞாயிறு வகுப்பு அண்ணன் தப்ப இயலாது.

நான் இப்போது கூறும் விடை இது. ‘யார் சொல்கிறார்கள், எந்த நூலில் சொல்கிறார்கள், வேறு யாரேனும் கண்டு எழுதியிருக்கிறார்களா’ என்று சேர்ந்து தேடுவோம். விவேகானந்தர் 1893 இல் சிகாகோவில் பேசினார். அக்காலத்துச் செய்தித்தாள்கள் அதனை எழுதியுள்ளன. பேழையைப் பற்றி விவிலியம் சொல்கிறது, யூதரும் கிறித்தவரும் அதனைப் போற்றுகின்றனர், திருக்குர்ஆனும் சொல்கிறது. மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளிலும் இத்தகைய வெள்ளக் கதை ஒன்று இருப்பதை 1872 இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இலண்டனில் அறிவித்தார். இவ்வளவும் சொல்லலாம். இதற்குமேல் எதனை நம்புவது என்பது அக்குழந்தையும் அதன் வீட்டாரும், பின்னொரு நாள் அதன் அறிவும் முடிவு செய்யவேண்டியது. ஒரு சிவப்புச் சீட்டால் அதனை முன்கூட்டியே முடித்துவைக்க எனக்கு உரிமையில்லை. நீலச் சீட்டாலும் இல்லை.

தமிழ் மாணவர்களுக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டுவதில்லை. அகப்பாடலின் இயல்பைக் கூறவந்த தொல்காப்பியர், நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் கூடியதே அது என்கிறார். புனைந்தது என்பதனால் அதனைப் பொய் என்று நம் முன்னோர் தள்ளவில்லை. நிகழ்ந்தது என்று பதிவேட்டில் ஏற்றவுமில்லை. இரண்டிற்கும் இடையே பெரிய நிலம் ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

முடிவுரை

இப்போது நம் அலமாரியில் நான்கு நிறங்கள் உள்ளன. கதைக்குச் சிவப்பு, நாட்டுப்புறக் கதைக்குப் பச்சை, சமயத்திற்கு மஞ்சள், ஏனைய அறிவு நூல்களுக்கு நீலம். மஞ்சள் சீட்டில் சமயத்தின் பெயரும் மூல நூலின் பெயரும் இருக்கும். அலமாரியில் ஒரு நூலுக்கு ஓரிடமே உண்டு. நூற்பட்டியலிலோ எத்தனை பதிவுகளும் இருக்கலாம். எனவே, ‘வெள்ளம்’ என்று தேடும் பிள்ளைக்கு நோவாவும், நூஹ் நபியும், மனுவும் ஒரே பக்கத்தில் கிடைப்பர்.

அச்சிறுமியிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். புதுச் சீட்டை அவளே ஒட்டினாள்; சிறிது கோணலாக ஒட்டியிருக்கிறது. அதனை நான் திருத்தவில்லை.

ஒரு நூல் மட்டும் இன்னும் என் மேசைமீதே கிடக்கிறது. அட்டை கிழிந்த அந்நூலில் கண்ணப்பர், புத்தர், பிரான்சிசு அடிகள், காந்தியடிகள் ஆகிய நால்வரின் வரலாறும் ஒன்றாக உள்ளன. எந்த நிறம் என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. சனிக்கிழமை மாலைகளில் நான் சங்க அறையில் இருப்பேன். கருத்துடைய அன்பர்கள் வந்து கூறுவார்களாக. வரும்போது பசையும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தால், சீட்டு ஒட்டாத பெட்டி ஒன்று காத்திருக்கிறது.